கையைத் தூக்காத எதிரி

இன்னைக்கு ஒரு எதிரியைப் பத்திப் பேசப்போறோம். உங்க வாழ்க்கையில நீங்க அதிகமா சுட்டுத் தள்ளின ஆள் அநேகமா அவராத்தான் இருப்பார். பேர் கேட்டா யோகி, எல்மர், வால்டோன்னு ஏதாவது வரும். பேருக்கு முன்னாடி 'பாட்'னு ஒரு பட்டம் இருக்கும். பாடுற பாட்டு இல்லைங்க, ரோபாட்ல இருந்து வந்த பாட். மிலிட்டரி ஷூட்டர் கேம்களில் மனிதருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரே இயக்குகிற சிப்பாய்.

முதலில் ஒரு விஷயம். இந்த மாதிரி கேமில் உங்களைக் குறிபார்த்துச் சுடுவது கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையே இல்லை. நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பது அதற்கு மூன்று எண்களாகத் தெரியும். எதிரி நிற்கிற இடமும் மூன்று எண்கள்தான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் திசை வந்துவிடும். கண் சிமிட்டுவதற்குள் உங்கள் நெற்றிப்பொட்டில் குண்டு வைக்கலாம், ஒவ்வொரு முறையும். அப்படி இருந்தும் பாட் தவறவிடுகிறது என்றால், யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, 'இது இந்த இடத்தில் தவறவிட வேண்டும்' என்று எழுதியிருக்கிறார். அதனால் பாட்களின் வரலாறு என்பது என்னைப் பொறுத்தவரை எப்படிச் சுடுவது என்பதன் வரலாறு கிடையாது. எப்படித் தோற்பது என்பதன் வரலாறு. அதுக்குள்ள இன்னொரு கேள்வியும் ஒளிஞ்சிருக்கு. இந்த எதிரி சாகாமல் தோற்க முடியுமா? 'போதும்ப்பா'ன்னு கையைத் தூக்க முடியுமா?

அந்தக் கேள்விக்கு 1981லேயே ஒரு பதில் இருந்தது.

அந்த வருஷம் அமெரிக்காவில் பால்டிமோர் ஊரில் மியூஸ் சாஃப்ட்வேர் என்ற சின்ன கம்பெனி, 'காஸில் வுல்ஃபென்ஸ்டைன்' என்ற கேமை வெளியிட்டது. எழுதியவர் சைலஸ் வார்னர். ஆப்பிள் டூ கம்ப்யூட்டர். மேலேயிருந்து பார்க்கிற கோட்டை, அதில் குச்சிக்குச்சியாக மனிதர்கள். நாஜிகளிடம் மாட்டிய கைதி நீங்கள், கோட்டையிலிருந்து தப்பிக்க வேண்டும். காவலாளியைச் சுடலாம், ஆனால் குண்டுகள் ரொம்பக் கம்மி. அதனால் இன்னொரு வழி வைத்திருந்தார். துப்பாக்கியை அவன் மேல் நீட்டினால் போதும், அவன் இரண்டு கையையும் தூக்கிவிடுவான். நீங்கள் அவனைச் சோதனை போட்டு சாவி, குண்டு எதையாவது எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். அந்தப் புள்ளிப்புள்ளி உருவத்துக்கு முகமே கிடையாது. ஆனால் உயிர் மேல் ஆசை இருந்தது.

11 வருஷம் கழித்து, 1992ல், ஐடி சாஃப்ட்வேர் அதே பெயரை எடுத்து 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' செய்தார்கள். நாம் இன்றைக்கு ஷூட்டர் என்று சொல்கிற வகையே ஏறக்குறைய அங்கேயிருந்துதான் கிளம்புகிறது. ஆரம்பத்தில் அவர்களும் பழைய கேமைப் போலவே பிணத்தை இழுத்து மறைப்பது, உடம்பைச் சோதனை போடுவது எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். கேம் ஸ்பீடு போய்விடுகிறது என்று தூக்கிவிட்டார்கள். ஓடு, சுடு, அடுத்த அறை. இந்த காவலாளிகள் யாரும் கையைத் தூக்குவதில்லை. பார்த்தால் சுடுவார்கள், சுட்டால் விழுவார்கள். அவ்வளவுதான்.

ஆனா, தவறவிடுற கலை இங்கதான் ஆரம்பிக்குது. இந்த கேமோட சோர்ஸ் கோடை ஐடி கம்பெனியே 1995ல் வெளியிட்டது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் காவலாளி சுடுகிற பகுதி ஒரு பக்கம்கூட வராது. உங்களுக்கும் அவனுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்கும். தூரம் கூடக் கூட, குண்டு படுகிற வாய்ப்பு குறையும். நீங்கள் நின்றுகொண்டிருந்தால் கணக்கு 256ல் ஆரம்பிக்கும், ஓடிக்கொண்டிருந்தால் 160ல். அதாவது ஓடுகிறவனுக்குத் தள்ளுபடி. அடுத்து வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காவலாளி உங்கள் ஸ்கிரீனில் தெரிகிறானா, இல்லை முதுகுக்குப் பின்னால் இருக்கிறானா என்றும் அது கேட்கும். தெரிந்தால், தூரத்துக்காகக் கழிக்கிற தொகை இரட்டிப்பு. காரணம், அவனைப் பார்க்க முடிகிற ஆட்டக்காரர் விலகப் பார்ப்பார், அந்த முயற்சிக்கு ஒரு மதிப்பு வேண்டும்.

யோசிச்சுப் பாருங்க. ஒரே எதிரி, ஒரே துப்பாக்கி, ஒரே தூரம். நீங்க அவனைப் பார்த்துட்டிருந்தா அவன் கை நடுங்குது. பார்க்கலைன்னா நடுங்கறதில்லை. நிஜ உலகத்துல எந்தச் சிப்பாயும் இப்படிக் கிடையாது. ஆனா விளையாடும்போது இதுதான் நியாயமா தோணும். பாட் நம்மை மாதிரி இருக்கணும்னு யாரும் எழுதலை, நமக்கு நியாயமா படணும்னுதான் எழுதினாங்க.

இதே காலத்தில் நிஜ ராணுவம் என்ன பண்ணிக்கொண்டிருந்தது? அவர்களுக்கும் இதே தலைவலிதான், ஆனால் வேற மாதிரி.

அமெரிக்காவின் டார்பா அமைப்பு 1980களில் சிம்நெட் என்று ஒன்றைக் கட்டியது. டாங்கியின் உட்புறம் மாதிரியே பெட்டிகள், அதற்குள் சிப்பாய்கள், எல்லாப் பெட்டிகளும் நெட்வொர்க்கில். ஒரு ஊரில் இருக்கிற டாங்கிக் குழுவும் இன்னொரு ஊரில் இருக்கிற குழுவும் ஒரே களத்தில் சண்டை போடலாம். இன்றைக்கு நாம் ஆன்லைனில் ஸ்குவாட் போட்டு ஆடுகிறதுக்கு முப்பாட்டன் இதுதான். சிக்கல் என்னன்னா, எதிரிப் படைக்கு ஆள் வேணும். ஒரு கம்பெனி பயிற்சி எடுக்கணும்னா, எதிரில் அதைவிடப் பெரிய படை வரணும், அத்தனை பெட்டியில் அத்தனை ஆட்களை உட்கார வைக்க முடியாது. அதனால் 'பாதித் தானியங்கிப் படை' என்ற ஒரு ஏற்பாடு வந்தது. ஒரே ஒரு ஆள் ஒரு மேசையில் உட்கார்ந்து, 'இந்தப் பாதையில் போ, அந்த மேட்டில் நில்' என்று உத்தரவு போடுவார், பல டாங்கிகள் தாங்களாகவே ஓட்டிக்கொண்டு போய்ச் சுடும். கேம் உலகத்தில் பாட் என்று பெயர் பிரபலம் ஆவதற்கு முன்பே ராணுவத்திடம் பாட் இருந்தது.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. 1980ல் அட்டாரி வெளியிட்ட 'பேட்டில்ஸோன்' ஆர்கேட் கேமில் பச்சைக் கோடுகளால் ஆன எதிரி டாங்கிகள் வரும். அதைப் பார்த்து ராணுவத்தரப்பிலிருந்து வந்து, பிராட்லி கவச வண்டிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மாதிரி மாற்றித் தரச் சொன்னார்கள். கேமை உருவாக்கிய எட் ராட்பெர்க்குக்கு அதில் விருப்பமே இல்லை. இனிமேல் ராணுவ வேலை எதையும் தன் தலையில் கட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் செய்து கொடுத்தார். இந்த மனுஷனை நான் அடிக்கடி நினைப்பேன். கோடுகளால் ஆன ஒரு டாங்கியைச் சுடுறதுக்கும் சுடச் சொல்லிக் கொடுக்கிறதுக்கும் நடுவுல ஒரு வித்தியாசம் இருக்குன்னு 1980லேயே ஒருத்தருக்குத் தோணியிருக்கு.

1996ல் அது எதிர்ப்பக்கம் திரும்பியது. அமெரிக்க மரைன் படையில் இருந்த சிலர் கடையில் கிடைக்கிற 'டூம் 2' கேமை எடுத்து, பேய் பிசாசுகளைத் தூக்கிவிட்டு, சிப்பாய்களைப் போட்டு, 'மரைன் டூம்' செய்தார்கள். நான்கு பேர் கொண்ட ஒரு சின்னக் குழு எப்படிச் சேர்ந்து நகர்வது, குண்டுகளை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்பதுதான் பாடம். அடுத்த வருஷமே மரைன் படைத் தலைவர் ஜெனரல் சார்ல்ஸ் க்ருலாக், போர்ச் சிந்தனையை வளர்க்க கம்ப்யூட்டர் கேம்களைப் பயன்படுத்தலாம் என்று உத்தரவே போட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேம் ஆட ஜெனரலே சொல்றார். நமக்கெல்லாம் அந்த மாதிரி ஒரு மேனேஜர் வாய்க்கலை.

சரி, மறுபடி வீட்டு கம்ப்யூட்டருக்கு வருவோம். 1996 ஜூனில் 'குவேக்' வந்தது. மனிதர்கள் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுவதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஆனால் அப்போது இன்டர்நெட் என்றால் மோடம், போன் பில். எல்லோருக்கும் ஆடுவதற்கு ஆள் கிடைக்காது. குவேக்கில் ஒரு வசதி, அதன் விதிகளை நாமே ஒரு சின்ன மொழியில் மாற்றி எழுதலாம். அதைப் பயன்படுத்தி ஸ்டீவன் போல்ஜ் என்பவர் 'ரீப்பர் பாட்' எழுதினார். மனிதன் மாதிரியே மேப்பில் சுற்றும், துப்பாக்கி பொறுக்கும், உங்களைத் தேடி வரும். கடினத்தைக் கூட்டினால் குறி தப்பவே தப்பாது, ஆடுகிறவனுக்கு வெறுத்துப் போகும். நான் முதலில் சொன்னதுதான், சுடுவது சுலபம். எபிக் கம்பெனி போல்ஜை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர் எழுதிய பாட்கள்தான் 1998ல் வந்த 'அன்ரியல்', 1999ல் வந்த 'அன்ரியல் டோர்னமென்ட்' இரண்டிலும் பேர் வாங்கின.

நம்ம ஊர் ஆட்களுக்குப் பாட் அறிமுகமானது வேறு வழியில். கவுன்டர் ஸ்ட்ரைக். 2000களில் பிரவுசிங் சென்டரில் லேன் போட்டு ஆடிய தலைமுறையைக் கேட்டால் தெரியும், நாலு பேர் மட்டும் வந்திருந்தால் மீதி இடத்தை நிரப்புவது யார்? பாட்தான். வீட்டில் நெட் இல்லாமல் ஆடியவர்களுக்கு எல்லா இடத்திலும் பாட்தான். 1999ல் ஹாஃப் லைஃபுக்கான ஒரு இலவச மாற்றமாக மின் லே, ஜெஸ் க்ளிஃப் இரண்டு பேரும் கவுன்டர் ஸ்ட்ரைக்கை ஆரம்பித்தபோது அதில் பாட் கிடையாது. ரசிகர்களே பாட் எழுதினார்கள், அதில் 'பாட்பாட்' என்ற ஒன்று ரொம்பப் பிரபலம். அந்தக் கால பாட்களுக்கு ஒரு பலவீனம். மேப்பில் எங்கெங்கே நடக்கலாம் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் குறித்து வைக்க வேண்டும். புள்ளி இல்லாத மேப்பில் பாட் ஊருக்குப் புதுசா வந்தவன் மாதிரி முழிக்கும்.

அதிகாரபூர்வ பாட்டை எழுதியவர் டர்டில் ராக் ஸ்டூடியோவின் மைக்கேல் பூத். 2004ல் வந்த 'கண்டிஷன் ஜீரோ'வில் அது இருந்தது. பிறகு ரசிகர்கள் அதை 1.6 பதிப்புக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள், நம்ம சென்டர்களில் சுற்றிய காப்பிகளில் அநேகமாக இருந்தது அதுதான். அதில் நிறைய பேருக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். எங்கேயோ கிடைத்த புது மேப்பைப் போட்டு முதல் தடவை பாட் சேர்த்தால், கேம் அப்படியே நின்று மேப்பை ஆராய்ந்துகொண்டிருக்கும். ஹேங் ஆயிடுச்சுன்னு ரீஸ்டார்ட் பண்ணுவாங்க. அது ஹேங் இல்லை. அந்த நேரத்தில் பாட், நடக்கக்கூடிய தரையை எல்லாம் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த மூலையில் ஒளியலாம், எந்த இடத்திலிருந்து எந்த வாசலைப் பார்க்கலாம் என்று தனக்குத்தானே ஒரு வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தது. புள்ளி குறித்துவைக்க மனிதர் தேவையில்லை.

இந்த பாட்களின் குணத்தை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைத்திருந்தார்கள். நோட்பேடில் திறந்து படிக்கலாம். திறமை எவ்வளவு, முரட்டுத்தனம் எவ்வளவு, எதிரியைப் பார்த்ததும் எத்தனை நொடி கழித்து உறைக்க வேண்டும், எந்தத் துப்பாக்கி பிடிக்கும், கூட்டாக வேலை செய்யுமா, குரல் மெல்லியதா தடித்ததா, எல்லாம் எண்கள். ரேடியோவில் உத்தரவு கொடுத்தால் சில பாட் கேட்கும், சில பாட் 'நெகட்டிவ்' என்று மறுத்துவிட்டு தன் பாட்டுக்குப் போகும். நீங்கள் நன்றாகச் சுட்டால் பாராட்டும். எதிரியா வந்தா சுட்டுடுவோம், நம்ம டீம்ல வந்தா ஒரு பாசம் வந்துடும். வெறும் எட்டு பத்து எண்கள்தான் அது, ஆனாலும் 'இவன் எப்பவுமே இப்படித்தான்'னு அதைப் பத்திப் பேச வெச்சிடுச்சு.

இதே டர்டில் ராக் ஆட்கள், கையில் வெறும் கத்தியோடு ஒரு பெரிய பாட் கூட்டம், எதிரில் துப்பாக்கியோடு சில மனிதர்கள் என்று விளையாட்டாக ஆடிப்பார்த்தார்கள். ரொம்ப நன்றாக இருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 2008ல் வந்த 'லெஃப்ட் 4 டெட்'. கத்தி வைத்திருந்த தீவிரவாதி பாட்கள் ஸாம்பியாக மாறிவிட்டார்கள். இந்த மாற்றம் எவ்வளவு சுலபமாக நடந்தது என்பது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கிறது. உயிர் மேல் பயம் இல்லாமல், நின்று யோசிக்காமல், சுடச் சுட ஓடி வருகிற ஒரு ஆளுக்கு, ஸாம்பி வேஷம் மனித வேஷத்தைவிடப் பொருத்தமாகவே இருக்கிறது.

இப்ப 'ஃபியர்' பத்திச் சொல்லணும். மோனோலித் கம்பெனி உருவாக்கி 2005ல் வந்த கேம். அதில் வருகிற சிப்பாய்களை இன்றைக்கும், 20 வருஷம் கழித்தும், 'பெஸ்ட் எனிமி ஏ.ஐ.' என்று பேசுவார்கள். மேசையைக் கவிழ்த்து மறைவாக்குவார்கள், ஜன்னல் வழியே குதிப்பார்கள், சுற்றி வளைப்பார்கள். எழுதியவர் ஜெஃப் ஆர்கின். அவர் பயன்படுத்திய யோசனை புதுசு கிடையாது. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் 'ஷேக்கி' என்ற ரோபாட் இருந்தது, சக்கரத்தில் ஆடி ஆடிப் போய் பெட்டிகளைத் தள்ளும். அதற்காக 1971ல் ஃபைக்ஸ், நில்ஸன் இருவரும் எழுதிய திட்டமிடும் முறைதான் அடிப்படை. இலக்கைச் சொல்லிவிட்டால் போதும், எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை என்று அதுவே கோர்த்துக்கொள்ளும். ஷேக்கிக்குப் பணம் கொடுத்தது யார்? டார்பாவேதான், அப்போது அதன் பெயர் ஆர்பா. பெட்டி தள்ளின ரோபாட்டோட மூளை, முப்பத்துச் சொச்சம் வருஷம் கழிச்சு ஒரு கேம்ல மேசையைத் தள்ளி அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டது.

ஆனால் அந்தச் சிப்பாய்கள் இவ்வளவு புத்திசாலியாகத் தெரிந்ததற்கு இன்னொரு காரணம், பேச்சு. ஆர்கின் 2006ல் கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் கொடுத்த கட்டுரையில் இதை மறைக்காமலே விளக்குகிறார். ஒரு சிப்பாய் அடி வாங்கினால் இன்னொருவன் என்ன ஆச்சு என்று கேட்பான், அடிபட்டவன் பதில் சொல்வான். சேர்ந்து யோசிக்கிற மாதிரி இருக்கும். கடைசியாக ஒருத்தன் மட்டும் மிஞ்சினால், உதவிப் படை வேண்டும் என்று ரேடியோவில் கத்துவான். ஆனால் உதவிப் படையை வரவழைக்கிற ஏற்பாடே அந்த கேமில் கிடையாது. அவன் சும்மா கத்துகிறான். அடுத்த அறையில் எப்படியும் வேறு எதிரிகள் இருப்பார்கள், அவர்களைப் பார்க்கும்போது 'ஓ, அவன் கூப்பிட்டு வந்திருக்காங்க' என்று நீங்களே முடிச்சுப் போட்டுக்கொள்வீர்கள். இது 1998ல் 'ஹாஃப் லைஃப்'பில் வந்த மரைன்கள் தொடங்கி வைத்த வித்தை, ஃபியர் அதைக் கச்சிதமாக்கியது. பாதி புத்திசாலித்தனம் பாட்டுக்குள் இருக்கிறது, மீதியை நாம் இனாமாகக் கொடுத்துவிடுகிறோம்.

'ஹேலோ' செய்த பங்கி கம்பெனிக்காரர்கள் ஒரு சோதனையில் பார்த்தது இன்னும் மோசம். எதிரிகளின் மூளையைத் தொடவே இல்லை, உடம்பை மட்டும் கெட்டியாக்கினார்கள், அதாவது சாக இன்னும் அதிகக் குண்டு வேண்டும். ஆடிப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? எதிரி முன்னைவிடப் புத்திசாலியாக இருக்கிறான் என்று. நியாயம்தான். ஒரு குண்டில் செத்தவன் என்ன யோசித்தான் என்று யாருக்குத் தெரியும்? உயிரோடு இருந்தால்தானே யோசிக்கிறதைக் காட்ட முடியும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது 2007ல் வந்த 'கால் ஆஃப் டூட்டி 4'. அருமையான கேம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் சில இடங்களில் எதிரிகள் தீரவே மாட்டார்கள். ஒரு மறைவில் உட்கார்ந்து எத்தனை பேரைச் சுட்டாலும் அதே வாசலிலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள். நீங்கள் தைரியமாக முன்னால் ஓடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டினால்தான் நிற்கும். கேமுக்கு வேகம் வேண்டும், அதற்காகச் செய்த ஏற்பாடு. எனக்கு இது பிடிக்காது. ஃபியரில் வருகிற ஒருத்தன் செத்தால் களம் மாறும். இங்கே ஒருத்தன் செத்தால் ஒன்றுமே மாறுவதில்லை. பாட்டுக்குத் தோற்கத் தெரிய வேண்டும் என்றேன் இல்லையா? இவனுக்குத் தோற்கவும் வழியில்லை, தண்ணிக் குழாய் மாதிரி வந்துகொண்டே இருக்கிறான்.

அடுத்து பப்ஜி. இங்கே கதை வேறு மாதிரி திரும்புகிறது, ஏனென்றால் இதுவரைக்கும் சொன்ன எல்லாவற்றிலும் எதிரி பாட் என்று நமக்குத் தெரியும். 'பப்ஜி மொபைல்' 2018ல் வந்தது. 100 பேர் குதிக்கிறோம், கடைசியில் ஒருத்தர். முதல் சில மேட்ச்களிலேயே நிறைய பேர் சிக்கன் டின்னர் வாங்கி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அந்த 100 பேரில் பலர் மனிதர்களே இல்லை. பேருக்கு முன்னால் 'பாட்' என்ற பட்டம் இங்கே கிடையாது. மனிதர் மாதிரியே ஒரு பேர், மனிதர் மாதிரியே ஒரு சட்டை. வெட்டவெளியில் நின்று, சுட்டாலும் உடனே ஒளியாமல், நாலு குண்டை எங்கேயோ விட்டுவிட்டுச் சாவார்.

கம்ப்யூட்டர், கன்சோல் பதிப்பு செய்கிறவர்கள் 2020ல் பாட் சேர்த்தபோது காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார்கள். பழைய ஆட்டக்காரர்கள் ரொம்பத் தேறிவிட்டார்கள், புதிதாக வருகிறவர்கள் ஒருத்தரைக்கூடச் சுடாமல் செத்து வெளியே போய்விடுகிறார்கள். பாட் எப்படிச் சுடும் என்றும் விளக்கினார்கள். தூரம் கூடக் கூட, குண்டு படுகிற வாய்ப்பு குறையும். 1992 காவலாளியேதான்! 28 வருஷம் கழிச்சும் அதே கணக்கு. 2019ல் ஃபோர்ட்நைட்டும் இதைச் செய்தது. புதியவர்களைக் காப்பாற்ற ஆளைச் சேர்ப்பதில் எனக்குக் குறையில்லை. சொல்லாமல் சேர்ப்பதில்தான் குறை. காவலாளி தவறவிட்டபோது ஆட்டத்தை நியாயமாக்கினார்கள். இங்கே ஆட்டம் அல்ல, உங்களைப் பற்றி நீங்கள் வைத்திருக்கிற எண்ணமே திருத்தப்படுகிறது. 'நான் நல்லா ஆடுறேன்' என்ற அந்த நினைப்பு உங்கள் திறமையிலிருந்து வந்ததா, யாரோ உங்களைப் போகவிடாமல் வைக்கப் போட்ட கணக்கிலிருந்து வந்ததா, தெரிந்துகொள்ள வழி கிடையாது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி இந்தியாவில் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள், 2021 ஜூலையில் அது பி.ஜி.எம்.ஐ. என்று திரும்பி வந்தது. இதற்கெல்லாம் நடுவில் நம்ம பசங்க பேச்சில் 'பாட்' ஒரு வசவுச் சொல்லாகவே செட்டில் ஆகிவிட்டது. 'டேய், நீ ஒரு பாட்றா'. மனிதன் மாதிரி வேஷம் போட்ட பாட்களுக்கு நடுவே, மனிதனுக்குப் பாட் என்று பட்டம்.

இந்த வேஷம் மாற்றும் விஷயத்தில் அமெரிக்க ராணுவத்தை மிஞ்ச முடியாது. 2002 ஜூலை 4, அவர்கள் சுதந்திர தினத்தன்று, ராணுவமே 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற கேமை இலவசமாக வெளியிட்டது. இளைஞர்களை ஆள்சேர்ப்பு பக்கம் இழுக்கத்தான், ஒளிவுமறைவே இல்லை. அதில் ஆன்லைனில் இரண்டு அணியாக மோதுவார்கள். யாரும் தீவிரவாதியாக ஆட விரும்பக் கூடாது இல்லையா? அதற்கு ஒரு தந்திரம். உங்கள் ஸ்கிரீனில் உங்கள் அணி அமெரிக்கச் சிப்பாய், எதிரணி எதிரி. எதிரணி ஸ்கிரீனில் அவர்கள் அமெரிக்கச் சிப்பாய், நீங்கள் எதிரி. இரண்டு பக்கமும் தான்தான் நல்லவன் என்று நினைத்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வார்கள். அந்த கேமின் சர்வர்களை 2022ல்தான் மூடினார்கள். 20 வருஷம்! பிரச்சாரம், சரி. ஆனால் போர் என்பது பார்க்கிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை இதைவிட நேர்மையாகக் காட்டின கேம் எனக்குத் தெரியவில்லை, அதுவும் தெரியாமல் காட்டியது.

இப்போது 1981க்குப் போவோம். அந்தக் கையைத் தூக்கின காவலாளிக்கு என்ன ஆச்சு?

முழுக்கக் காணாமல் போகவில்லை. 2005ல் வந்த 'ஸ்வாட் 4' கேமில் குற்றவாளிகள் சரணடைவார்கள். ஆயுதத்தைக் கீழே போடு என்று கத்துவதற்கே தனி பட்டன் உண்டு, தேவையில்லாமல் சுட்டால் மார்க் போகும். கத்தலாமா, சுடலாமா என்று வாசலில் நிற்கிற அந்த ஒரு நொடிப் பயம், வேறு எந்த ஷூட்டரிலும் கிடைக்காது. ஆனால் அது போலீஸ் கேம். மிலிட்டரி கேம் என்று வந்துவிட்டால் சரணடைகிற எதிரி ரொம்ப அபூர்வம். காரணம் புரிகிறது. சரணடைந்தவனை என்ன செய்வது? காவல் வைக்கணும், கூட்டிப் போகணும், அதுவரைக்கும் ஆட்டம் நிற்கும். 1992ல் ஐடி கம்பெனி பிணம் இழுப்பதைத் தூக்கியதும் இதே கணக்கில்தான். ஆனால் ஒரு தலைமுறையே நிஜப் போர்களின் பெயரும் சீருடையும் உள்ள கேம்களில், ஒரு எதிரிகூட 'போதும்' என்று சொல்லாமல், ஆயிரக்கணக்கில் சுட்டு வளர்ந்திருக்கிறது. நானும்தான். இதனால் யாரும் வன்முறையாளர் ஆகிவிடுகிறார் என்று நான் சொல்லவரவில்லை, அந்தப் பழைய பட்டிமன்றம் வேண்டாம். ஆனால் நியூஸில் எங்கோ ஒரு ஊரில் சிப்பாய்கள் கூட்டமாகச் சரணடைந்தார்கள் என்று வரும்போது அது ஏதோ விதிவிலக்கு மாதிரி தோன்றுகிறதே, அது எங்கிருந்து வந்தது? போர்களில் அது சர்வசாதாரணம்.

செக் நாட்டு பொஹீமியா இன்டராக்டிவ் உருவாக்கிய 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட்' 2001ல் வந்தது. அதன் வழிவந்ததுதான் இன்றைய 'ஆர்மா'. அதே தொழில்நுட்பத்தை வைத்து பல நாட்டு ராணுவங்களுக்கு 'வி.பி.எஸ்.' என்ற பயிற்சி மென்பொருளும் வந்தது. இந்த பாட்களுக்கு ஒரு குணம், நிலைமை கைமீறிப் போனால் ஓடிவிடும். கூட்டாளிகள் செத்து விழுந்தால், மிஞ்சினவர்கள் முதுகைக் காட்டி ஓடுவார்கள். ஆடுகிறவர்களே மிஷன் எழுதக்கூடிய கேம் இது. பாட் எவ்வளவு சீக்கிரம் ஓடலாம் என்று தீர்மானிக்க ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் 0லிருந்து 1வரை ஒரு எண் போட வேண்டும். 1 போட்டால் பயந்தாங்கொள்ளி. 0 போட்டால் கடைசி ஆள்வரை நின்று சாவான்.

ரசிகர்கள் எழுதின மிஷன்களைத் திறந்து பாருங்க. அந்த வரி அடிக்கடி கண்ணில் படும், பக்கத்தில் அநேகமாக 0தான் இருக்கும்.